தாறுமாறுக்கும் ஒரு சட்டம் உண்டு!

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஒரு மார்கழி மாலையில், அண்ணன் மகனை அழைத்துக்கொண்டு அந்தப் பாதையில் பஸ்ஸில் போனேன். பாதி மலை ஏறியதும் மூடுபனி வந்து சூழ்ந்துகொண்டது. டிரைவர் முன்விளக்கைப் போட்டார். போட்டும் பயன் இல்லை! வெளிச்சம் பாதையில் விழவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தது போல அப்படியே நின்றது.

"சித்தப்பா, லைட் ஏன் முன்னாலே போகாம திரும்பி வருது?" என்று பையன் கேட்டான். அவன் 7-ம் வகுப்பு படிக்கிறான்.

"பனியிலே முட்டித் திரும்புதுடா" என்றேன்.

"முட்டறதுக்கு அங்கே சுவரா இருக்கு? வெறும் காத்துதானே!"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பேசாம உட்காரு" என்றேன். பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் அது!

மறுநாள் சாயங்காலம் ஏற்காடு பஸ் நிலையத்தில் நின்றோம். ஒரு மணி நேரமாக ஒரு பஸ்ஸும் இல்லை. மலையில் பனி. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பஸ்கள் வந்தன.

"இவ்வளவு நேரம் ஒண்ணும் வரலே. இப்ப மட்டும் ஏன் ரெண்டும் சேர்ந்து வருது?" என்று அவன் இரண்டாவது கேள்வியைப் போட்டான்.

பக்கத்தில் மிளகு மூட்டையுடன் நின்ற ஒரு பாட்டி, "எப்பவும் அப்படித்தான் கண்ணு" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினேன். கிடைத்த விடை என்னைத் திகைக்க வைத்தது. இரண்டு கேள்விகளுக்கும் உள்ள விடை ஒரே இடத்தில் போய் முடிகிறது. அந்த விடையில் யுரேனியம் வருகிறது. ஜன்னல் கண்ணாடி வருகிறது. கேரம் பலகை வருகிறது. சென்னையில் பிறந்த ஒரு தமிழரும் வருகிறார்.

தகர டப்பாவில் 100 சீட்டு

முதலில் பஸ் கேள்வி.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 1 முதல் 100 வரை சீட்டு எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். பத்துச் சீட்டுகளை எடுங்கள். அந்த எண்களை ஒரு நீளக் கோட்டில் புள்ளி வையுங்கள்.

பத்தும் சீராகப் பரவி நிற்கும் என்று நினைப்பீர்கள். நிற்காது! 41, 43 என்பது போல இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேறோர் இடத்தில் பெரிய வெற்றிடம் இருக்கும். பத்து முறை செய்தால் எட்டு, ஒன்பது முறையாவது ஏதாவது இரண்டு எண்கள் ஒன்றிரண்டு இடைவெளியில் நெருங்கி நிற்பதைக் காணலாம்.

காரணம் என்ன? ஒரு சீட்டுக்கு மற்றச் சீட்டைத் தெரியாது. "நீ அங்கே இருக்கிறாய், நான் தள்ளி நிற்கிறேன்" என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஒன்றை ஒன்று அறியாதவை நெருங்கி வந்து மோதிக்கொள்ளும்.

ஒன்றை ஒன்று அறிந்தவை எப்படி நிற்கும்?

மெக்சிகோ நாட்டில் குவர்னவாகா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பஸ்கள் டிரைவர்களுக்கே சொந்தமாக இருந்தன. கால அட்டவணை கிடையாது. முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிப் போனால் ஏற ஆள் இருக்காது. மிகவும் பின்தங்கினால் பின்னால் வருகிறவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஆகவே வழியில் ஆட்களை நிறுத்தி, "முந்தின பஸ் எப்போது போயிற்று?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அதற்குத் தகுந்தாற்போல வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். நம் ஊரில் தனியார் பஸ்களின் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிர்பாலெக், ஷெபா என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த பஸ்கள் வந்த நேரத்தைக் குறித்து, இடைவெளிகளைக் கணக்கிட்டார்கள். 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பஸ்கள் ஒட்டிக்கொண்டு வருவது மிக மிக அரிதாக இருந்தது. அந்த இடைவெளிகள் எந்தக் கணக்குக்கு ஒத்து வந்தன தெரியுமா? அணுவின் உட்கருவை ஆராய்வதற்காக உண்டாக்கிய கணக்குக்கு!

யுரேனியத்தின் படிக்கட்டு

அணுவின் உலகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே சக்தி படிப்படியாகத்தான் இருக்கும். ஏணியில் முதல் படியில் நிற்கலாம். இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரைப் படியில் நிற்க முடியுமா? அணுவும் அப்படியே. இப்படிப் படிகளாக நடக்கும் உலகத்தைக் 'குவாண்டம்' உலகம் என்கிறார்கள். அந்தப் படிகளைச் 'சக்திப் படிகள்' என்று வைத்துக்கொள்வோம்.

ஹைட்ரஜன் அணுவில் ஒரே ஓர் எலக்ட்ரான். அதன் படிகள் ஒழுங்காக அமைந்தவை. ஒரு சிறு கணக்கில் எல்லாப் படிகளையும் சொல்லிவிடலாம்.

யுரேனியத்தின் உட்கருவோ பெரிய கூட்டுக் குடும்பம்! 92 புரோட்டான்கள், 146 நியூட்ரான்கள். ஆக 238 பேர். ஒவ்வொருவரும் மற்றவர்களை இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள். அதன் உயரத்துப் படிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட யாராலும் முடியவில்லை. மெதுவாகச் செல்லும் நியூட்ரான்களை உட்கருவின் மேல் ஏவி, எந்தெந்தச் சக்தியில் அது அவற்றை விழுங்குகிறது என்று பார்த்துப் படிகளைக் குறித்தார்கள். படிகள் தாறுமாறாக இருந்தன.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் விக்னர், 1950-களில் ஒரு துணிச்சலான யோசனை சொன்னார். 'ஒவ்வொரு படியையும் தேடி ஏன் அலைய வேண்டும்? பெரிய அட்டவணை ஒன்றைப் போடுங்கள். கட்டங்களில் சீட்டுக் குலுக்கியது போல எண்களை நிரப்புங்கள். அந்த அட்டவணையில் இருந்து வரும் படிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்' என்பதே அந்த யோசனை. 1956-ல் இடைவெளிகளுக்கு ஒரு சிறு சூத்திரமும் சொன்னார். பிற்பாடு அணுக்கரு ஆராய்ச்சிகளுக்காக 1963-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

அந்தச் சூத்திரத்தின் சாரத்தை எளிய எண்களில் பார்க்கலாம். பக்கத்துப் படிகளுக்குள் சராசரி இடைவெளி ஒரு முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒன்று அறியாத படிகளாக இருந்தால், ஆயிரம் இடைவெளிகளில் சுமார் 95 இடைவெளிகள் முழத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். விக்னர் கணக்கில்? ஆயிரத்தில் 8 மட்டுமே!

அதாவது, படிகள் ஒன்றை ஒன்று விலக்குகின்றன.

இந்தக் கணக்கை முறையாக நிறுவியவர்களில் ஓர் இந்தியர் முக்கியமானவர். மதன்லால் மேத்தா என்று பெயர். ராஜஸ்தானில் பிறந்தவர். பிரான்ஸ் நாட்டில் வேலை பார்த்தார். கோதென் என்ற பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து 1960-ல் சரியான விடையைக் கண்டுபிடித்தார். 1967-ல் இந்தத் துறைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். இன்றும் இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். 1982-ல் பல உட்கருக்களில் அளந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளைத் திரட்டி, கணக்கும் அளவும் ஒத்துப்போகின்றன என்று காட்டிய மூவரில் ஒருவர் அகிலேஷ் பாண்டே. அவரும் இந்தியரே. அவர் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

கொடிக் கயிற்றில் இரண்டு கல்

படிகள் ஏன் விலகி நிற்கின்றன? அவற்றுக்குக் கண்ணா, காதா?

இதற்கும் வீட்டிலேயே சோதனை இருக்கிறது. துணி காயப்போடும் கொடிக் கயிற்றில், ஒரே நீளமுள்ள இரண்டு நூல்களில் இரண்டு கற்களைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கல்லை மட்டும் ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் சும்மா நின்ற கல் ஆடத் தொடங்கும். ஆடிய கல் ஓய்ந்து நிற்கும். பிறகு மறுபடியும் இது அதற்குக் கொடுக்கும்.

இரண்டையும் ஒரே பக்கமாகச் சேர்த்து ஆட்டினால் ஒரு வேகம். எதிரெதிராக ஆட்டினால் சற்று வேறு வேகம். தனித்தனியே இருந்தபோது இரண்டுக்கும் ஒரே வேகம்தான். கயிறு அவற்றுக்கு உறவு உண்டாக்கியதும், ஒரு வேகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது!

ஒரு கல்லை வாசல் ஆணியிலும், மற்றதைக் கொல்லைப்புற ஆணியிலும் மாட்டினால்? உறவு இல்லை. வேகங்கள் ஒன்றாகவே கிடக்கும்.

சக்திப் படிகளின் கதையும் இதுதான். உறவு இருந்தால் விலகல். உறவு இல்லாவிட்டால் நெருக்கம். நம் வீட்டு வழக்கத்துக்கு நேர் எதிர்!

கேரம் பலகையில் ஒரு டம்ளர்

இந்த விதி யுரேனியத்தோடு நிற்கவில்லை.

கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டுகிறீர்கள். அது ஓரத்தில் பட்டு எங்கே போகும் என்று ஆடத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். பலகையின் நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது சொல்லச் சொல்லுங்கள். விரல் மயிரிழை விலகினாலும், டம்ளரின் வளைவில் பட்டு அது எங்கேயோ போகும். இரண்டு மூன்று முறை மோதிவிட்டால் கணக்கு நம் கையில் இல்லை. இதைத்தான் விஞ்ஞானிகள் தாறுமாறு இயக்கம் என்கிறார்கள்.

ஸ்டிரைக்கருக்குப் பதில் ஓர் எலக்ட்ரானை அந்தப் பலகையில் விட்டால் அதற்கும் சக்திப் படிகள் உண்டு. பிரான்ஸில் போஹிகாஸ் என்பவரும் இரண்டு நண்பர்களும் 1984-ல் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நடுவில் வட்டத் தடை இருந்தால் படிகள் யுரேனியத்தின் படிகளைப் போலவே ஒன்றை ஒன்று விலக்கின! பலகையில் 238 பேர் இல்லை. ஒரே ஒருவர்தான். தாறுமாறாக ஓடினால் போதும், சட்டம் வந்துவிடுகிறது. இந்தத் துறைக்குக் 'குவாண்டம் தாறுமாறு' என்றே பெயர்.

இதைக் காதாலும் கேட்டிருக்கிறார்கள். மணியை அடித்தால் அதற்கென்று சில நாதங்கள் எழும் அல்லவா? ஓர் உலோகக் கட்டைக்கும் அப்படிப் பல நூறு நாதங்கள் உண்டு. அவையும் படிகளே. டென்மார்க்கில் 1995-ல் அலுமினியக் கட்டைகளையும், 1996-ல் குவார்ட்ஸ் கட்டையையும் ஒலிக்கச் செய்து பார்த்தார்கள். (சேர்வராயன் மலையின் பாக்சைட்டும் ஒரு காலத்தில் மேட்டூருக்குப் போய் அலுமினியமாக ஆயிற்று.) குவார்ட்ஸ் கட்டையின் ஒரு மூலையைச் சிறிது சிறிதாகக் குடைந்தார்கள். குடையக் குடைய, நெருங்கிக் கிடந்த நாதங்கள் விலகி நின்றன.

கற்கண்டும் ஆரஞ்சு மிட்டாயும்

இனி கண்ணாடிக்கு வருவோம்.

சர்க்கரைப் பாகை நிதானமாக விட்டு வைத்தால் கற்கண்டு விளையும். அதில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன. அதே பாகை நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால், ஊடுருவித் தெரியும் ஆரஞ்சு மிட்டாய்! அதில் மூலக்கூறுகள் வரிசைக்கு வர நேரம் கிடைக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே உறைந்துவிட்டன. கெட்டிதான்; ஆனால் உள்ளே திரவத்தின் குழப்பம் அப்படியே இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியும் இதே ஜாதி.

ஏற்காட்டில் இந்த வித்தியாசத்தை நடந்தே பார்க்கலாம். வரிசையாக நட்ட காப்பித் தோட்டத்துக்குள் நின்றால், செடிகளுக்கு நடுவே நெடுந்தூரம் கண் போகும். அது கற்கண்டு. அடுத்த சோலைக் காட்டுக்குள் நுழைந்தால் பத்தடிக்கு மேல் தெரியாது. அது கண்ணாடி.

கண்ணாடியின் உட்குழப்பத்தில் முதலில் கண் வைத்த தமிழர் சர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்தவர். 1928-ல் 'ராமன் விளைவை'க் கண்டுபிடிப்பதற்கு முந்திய ஆண்டிலேயே, ஒழுங்கற்ற திடப்பொருள்களில் ஒளி சிதறுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊடுருவித் தெரியும் கண்ணாடிக்குள்ளேயும் ஒளி கொஞ்சம் வழி தவறத்தான் செய்கிறது!

கண்ணாடியின் மூலக்கூறுகள் அசையாமல் இருப்பதில்லை. நின்ற இடத்தில் அதிர்கின்றன. அந்த அதிர்வுகளுக்கும் படிகள் உண்டு. அவை எப்படி அமைந்திருக்கும்? இந்தக் கேள்வியை எடுத்தவர்களில் இந்தியர்கள் பலர். ஸ்ரீகாந்த் சாஸ்திரி, நிவேதிதா தேவ், இத்தாலியின் சில்வியோ பிரான்ஸ் ஆகிய மூவர் 2001-ல் திரவங்களின் அதிர்வுகளைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்தார்கள். சர்க்கார், மாதாரூ, முன்னே சொன்ன அகிலேஷ் பாண்டே ஆகிய மூவர் 2004-ல், உறைந்துபோன ஒழுங்கற்ற அணுக்கூட்டங்களை ஆராய்ந்தார்கள். அணுக்களுக்குள் இழுப்பு விசை இப்படி இருந்தாலும் அப்படி இருந்தாலும், இடைவெளிக் கணக்கு மாறவில்லை. விக்னரின் கணக்கே வந்தது.

எனக்கு இதில் வியப்பு இதுதான்: இரண்டு கண்ணாடித் துண்டுகளில் அணுக்கள் ஒரே மாதிரி நிற்பதே இல்லை. உலகத்தில் எந்தக் கண்ணாடியும் இன்னொன்றின் நகல் அல்ல. ஆனாலும் இடைவெளிச் சட்டம் ஒன்றே!

கண்ணாடியில் இன்னொரு புதிரும் உண்டு. 1971-ல் ஜெல்லர், போல் என்ற இருவர், கடுங்குளிரில் பலவகைக் கண்ணாடிகள் உஷ்ணத்தை எப்படிக் கடத்துகின்றன என்று அளந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 270 டிகிரிக்கும் மேற்பட்ட குளிர்! எந்தக் கண்ணாடியானாலும் ஏறக்குறைய ஒரே போக்கில் நடந்தது. அடுத்த ஆண்டே ஆண்டர்சன், ஹால்பெரின், சந்திர வர்மா என்ற மூவரும், தனியாகப் பிலிப்ஸ் என்பவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஆனால் எல்லாக் கண்ணாடிகளும் ஏன் ஒரே அளவில் அப்படி நடக்க வேண்டும் என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

லூப் ரோட்டில் இரண்டு கூட்டம்

இப்போது மூடுபனிக் கேள்வி.

சுவர் இல்லை, சரி. கோடிக்கணக்கான நீர்த்துளிகள் இருக்கின்றன. ஒளி ஒரு துளியில் பட்டுத் திரும்பி, அடுத்த துளியில் பட்டு வளைந்து, காட்டில் வழி தவறிய மாடு போல அலைகிறது. அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வெள்ளை வேட்டி அதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் சுலபம். ஒளி ஓர் அலை. எலக்ட்ரானும் அலை போல நடந்துகொள்கிறது. அலை வழி தவறினால் ஒரு புதுமை நடக்கும். அதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டு லூப் ரோடு போதும்.

ஏற்காடு ஏரியில் இருந்து கிளம்பி, மலையைச் சுற்றி, 32 கிலோமீட்டர் கடந்து மறுபடியும் ஏரிக்கே வரும் பாதை அது. இரண்டு கூட்டத்தார் ஏரியில் இருந்து ஒரே வேகத்தில் கிளம்புகிறார்கள். ஒரு கூட்டம் இடமாகச் சுற்றுகிறது. மற்றது வலமாகச் சுற்றுகிறது. பாதை ஒன்றே, ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் ஏரிக்கு வந்து சேர்வார்கள். வழியில் எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் சரிதான்!

அலையும் இப்படியே. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஒவ்வொரு சுற்றுப் பாதையிலும் அது இரண்டு பக்கமாகவும் போகிறது. இரண்டு பங்கும் ஒன்றாக வந்து சேர்ந்து, ஒன்றை ஒன்று பலப்படுத்துகின்றன. ஆகவே, அலை கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. 1985-ல் நெதர்லாந்திலும் பிரான்ஸிலும், தண்ணீரில் நுண்ணிய உருண்டைகளை மிதக்கவிட்டு, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, இப்படித் திரும்பும் ஒளி கூடுவதை அளந்தார்கள்.

தடைகள் மேலும் நெருங்கினால்? திரும்பத் திரும்பக் கிளம்பிய இடத்துக்கே வந்து, அலை அங்கேயே சிறைப்பட்டுவிடும்! ஏற்காட்டுப் பனி அவ்வளவு நெருக்கம் இல்லை. அதில் ஒளி சிறைப்படாது. ஆனால் குழப்பமான ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான் அப்படிச் சிறைப்படும் என்று 1958-ல் சொன்னார் அமெரிக்காவின் பிலிப் ஆண்டர்சன். எலக்ட்ரான் நகராவிட்டால் மின்சாரம் இல்லை.

அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை எழுதிய தமக்கே அதன் அருமை முதலில் முழுதாக விளங்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். எங்கே சொன்னார்? 1977-ல் நோபல் பரிசு வாங்கியபோது!

நால்வரில் ஒருவர் நம்மவர்

எவ்வளவு குழப்பம் இருந்தால் எலக்ட்ரான் சிறைப்படும்? இதுதான் அடுத்த கேள்வி. 1979-ல் நான்கு பேர் சேர்ந்து விடை தந்தார்கள். ஆப்ரஹாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, ராமகிருஷ்ணன். 'நால்வர் கும்பல்' என்று விஞ்ஞானிகள் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள்.

திருப்பத்தூர் வெங்கடாசலமூர்த்தி ராமகிருஷ்ணன் 1941-ல் சென்னையில் பிறந்தவர். காசி இந்து பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பேராசிரியராக இருந்தார்.

நால்வர் சொன்னது இது. கம்பி போன்ற ஒற்றைப் பாதையிலும், காகிதம் போன்ற மெல்லிய படலத்திலும், சிறிதளவு குழப்பம் இருந்தாலே போதும். எலக்ட்ரான் கடைசியில் சிறைப்பட்டுவிடும். கனமான பொருளில் மட்டும் ஓர் எல்லை உண்டு. குழப்பம் அந்த எல்லைக்குள் இருந்தால் மின்சாரம் ஓடும், தாண்டினால் நின்றுவிடும். எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று தொல்லைப்படுத்தாதபோது இப்படி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தொல்லைப்படுத்தினால் கதை நீளும்.

ராமகிருஷ்ணன் அதே 1979-ல் யூசுஃப் என்பவருடன் சேர்ந்து, திரவம் எப்படி உறைந்து திடமாகிறது என்பதற்கும் ஒரு கணக்குத் தந்தார். பாகு கற்கண்டாகும் கதைதான்! கண்ணாடியைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிக்கும் அந்தக் கணக்கு கருவியாயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு. 2000-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இப்போது பஸ் கேள்வியும் பனிக் கேள்வியும் சந்திக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

எலக்ட்ரான் அலை பொருள் முழுவதும் பரவி ஓடினால், ஒவ்வோர் அலையும் மற்ற அலைகளைச் சந்திக்கிறது. கொடிக் கயிற்றில் கட்டிய கற்களைப் போல உறவு உண்டாகிறது. சக்திப் படிகள் விலகி நிற்கின்றன. அலைகள் ஆளுக்கு ஒரு மூலையில் சிறைப்பட்டால்? வாசல் ஆணிக் கல்லும் கொல்லைப்புறக் கல்லும் போல உறவு அறுந்துவிடுகிறது. படிகள் தகர டப்பாச் சீட்டு போல ஒட்டிக்கொண்டு விழுகின்றன.

ஆகவே ஒரு பொருளுக்குள் புகுந்து பார்க்க வேண்டியதில்லை. படிகளின் இடைவெளியைப் பார்த்தாலே, 'இங்கே மின்சாரம் ஓடும்', 'இங்கே ஓடாது' என்று சொல்லிவிடலாம்!

காந்தத்தைக் கொண்டுவந்தால் இன்னும் வேடிக்கை. காந்தம் லூப் ரோட்டில் இடச்சுற்றையும் வலச்சுற்றையும் வேறுபடுத்திவிடுகிறது. இரண்டு கூட்டமும் ஒத்து வந்து சேர்வதில்லை. அப்போது படிகள் முன்னைவிடக் கடுமையாக விலகும். அது விக்னர் கணக்கின் தங்கைக் கணக்கு. மெக்சிகோ பஸ்கள் இந்தத் தங்கைக்குத்தான் கட்டுப்பட்டன.

இந்தத் தங்கை இன்னோர் இடத்திலும் தலைகாட்டினாள். 1972-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் தேநீர் நேரம். மாண்ட்கோமரி என்ற கணித வாலிபரை, இந்தியக் கணித மேதை சர்வதமன் சவ்லா பிடித்து இழுத்துப்போய், டைசன் என்ற பௌதிக மேதைக்கு அறிமுகம் செய்தார். வாலிபர் பகா எண்களோடு சம்பந்தப்பட்ட சில புள்ளிகளின் இடைவெளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். (ஈரோட்டில் பிறந்த ராமானுஜனும் பகா எண்களின் பின்னால் அலைந்தவர்தான்.) தமக்குக் கிடைத்த சூத்திரத்தை வாலிபர் சொன்னார். டைசனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தங்கைக் கணக்கில் அவருக்கு நன்றாகத் தெரிந்த சூத்திரம் அது! பகா எண்களுக்கும் யுரேனியத்துக்கும் என்ன உறவு? இன்றுவரை யாரும் முழுதாக விளக்கவில்லை.

பழசை மறக்காத மூலை

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு.

குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற புது இயந்திரத்தைச் செய்யப் பல நாடுகள் போட்டி போடுகின்றன. அதற்குள் வைத்த செய்தி தாறுமாறாகப் பரவினால், கலந்த சாம்பாரில் போட்ட உப்பு போல, பிரித்து எடுக்க முடியாது. சிறைப்பட்ட மூலையில் இருந்தால் செய்தி அழியாமல் கிடக்கும். இரண்டில் எது நடக்கிறது? 2017-ல் கூகுள் கம்பெனி விஞ்ஞானிகளும் கூட்டாளிகளும் 9 பிட்டுகள் கொண்ட ஒரு சில்லில் இதைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள்? படிகளின் இடைவெளியை அளந்துதான்! குழப்பத்தைக் கூட்டக் கூட்ட, விலகி நின்ற படிகள் ஒட்டத் தொடங்கின.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொடிக் கயிற்றில் கல் கட்டிக் காட்டினேன். பையனுக்கு அதுதான் பிடித்தது. அவன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"மிட்டாயும் கண்ணாடின்னு சொன்னீங்களே, ஏற்காட்டிலே வாங்கினது இன்னும் இருக்கு" என்று சட்டைப் பையில் இருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்தான். காகிதம் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. ஊடுருவித் தெரிந்த மிட்டாய் இப்போது மேலே வெள்ளை பூத்திருந்தது. மலையின் ஈரம் பட்டு, மேல்தோலில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக வரிசைக்கு வந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, இது இப்ப கண்ணாடியா, கற்கண்டா?" என்றான்.

"மேலே கற்கண்டு, உள்ளே கண்ணாடி" என்றேன்.

அவன் வாயில் போட்டுக்கொண்டான்.